அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா?

ஸ்காபரோவின் மிட்லண்ட் அவெனியூவில் உள்ள ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி நீண்ட காலம் ழான் வனியேயின் பெயரைத் தாங்கியிருந்தது. இன்று அதற்குப் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் பெயர். வடக்கே ரிச்மண்ட் ஹில்லில் அவர் பெயரில் இருந்த இன்னொரு பள்ளியும் பெயரை மாற்றிக்கொண்டது. கிறிஸ்தவத் தலைமைத்துவத்தில் பணிவுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்று 2019-இல் கேட்டிருந்தால், கனடாவில் பலர் தயங்காமல் சொல்லியிருக்கக்கூடிய பெயர் அது.

வனியே 1928-இல் ஜெனீவாவில் பிறந்தவர். தந்தை ஜோர்ஜ் வனியே பின்னாளில் கனடாவின் ஆளுநர் நாயகமானார். மகன் கடற்படையில் அதிகாரியாக இருந்து, அதை விட்டு விலகி, அரிஸ்டாட்டிலின் அறவியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1964-இன் தொடக்கத்தில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் புனித மைக்கேல் கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரான்சின் த்ரோலி என்னும் சிற்றூருக்குப் போய், காப்பகத்தில் அடைபட்டிருந்த அறிவுசார் குறைபாடுடைய இரண்டு ஆண்களைத் தம் வீட்டில் தம்மோடு வாழ அழைத்துவந்தார். நோவாவின் பேழையை நினைத்து அந்த வீட்டுக்கு லார்ஷ் என்று பெயர் வைத்தார். அதிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் சமூகங்கள் முளைத்தன. 1970-இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் தொடங்கியது. சென்னையிலும் ஒன்று உண்டு. பேராசிரியர் பதவியையும் குடும்பப் பெருமையையும் உதறிவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் என்பதுதான் உலகம் அறிந்த வனியே. 2015-இல் டெம்பிள்டன் பரிசு பெற்றார். 2016 ஜனவரியில் கன்ரபரியில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவியபோது, அந்த வழிபாட்டை நடத்திக் கொடுத்தவரும் அவரே.

2019 மே மாதம் அவர் இறந்தார். 2020 பெப்ரவரி 22 அன்று லார்ஷ் பன்னாட்டு அமைப்பு, தானே வெளியாரைக் கொண்டு நடத்திய விசாரணையின் முடிவை வெளியிட்டது. 1970 முதல் 2005 வரையான காலத்தில், ஆன்ம வழிகாட்டல் தருவதாகச் சொல்லி, ஆறு பெண்களை வனியே பாலியல் ரீதியாகத் தவறாகப் பயன்படுத்தியிருந்தார். அவருடைய ஆன்ம குருவான தோமஸ் பிலிப் என்ற டொமினிக்கன் துறவியை இதே குற்றத்துக்காகத் திருச்சபை 1956-இல் தண்டித்திருந்தது. அதைப் பல பத்தாண்டுகள் அறிந்திருந்தும், தமக்கு எதுவும் தெரியாது என்று வனியே பொய் சொல்லியிருந்தார். பல துறை ஆய்வாளர்களைக் கொண்ட குழுவொன்று 2023 ஜனவரியில் வெளியிட்ட நீண்ட அறிக்கை இன்னும் ஆழமாகப் போனது. 1952 முதல் 2019 வரை குறைந்தது 25 பெண்கள். திருச்சபை கலைத்துவிட்ட பிலிப்பின் சிறு குழு மறுபடி கூடுவதற்கான மறைவிடமாகவும் த்ரோலி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

இதைப் படித்தபோது நெஞ்சை அறுத்தது குற்றத்தின் அளவு மட்டுமில்லை. அந்தப் பெண்களை அவர் வளைத்தது அதிகாரக் குரலில் இல்லை. செபத்தின் மொழியில், எளிமையின் மொழியில். வெளியே எந்த மென்மை மக்களை ஈர்த்ததோ அதே மென்மை உள்ளே கருவியாக இருந்தது. பதவி விஷயத்திலும் அப்படித்தான். 1975-இல் பன்னாட்டுப் பொறுப்பை வனியே விட்டுக்கொடுத்தார். ரொறன்ரோவின் புனித சூசையப்பர் சபைக் கன்னியாஸ்திரி சூ மோஸ்டெல்லர் அதை ஏற்றார். பிறகு த்ரோலி சமூகத்தின் பொறுப்பையும் விட்டார். பதவியைத் துறந்தவர் என்று மதிப்பு இன்னும் ஏறியது. ஆனால் பதவிக்குத்தான் சபைக் குழு உண்டு, கணக்கு உண்டு, கேள்வி உண்டு. பதவியில்லாத செல்வாக்கை யார் எந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்பது? பாதம் கழுவுவதும் பதவி துறப்பதும் ஒருவரின் பணிவுக்குச் சாட்சியாகிவிடும் என்று நாம் நம்பியது பிழை. அவை அவரே தேர்ந்தெடுத்துச் செய்யும் செயல்கள். அவர் தேர்ந்தெடுக்காத ஒன்றை அவர்மீது சுமத்த யாருக்காவது உரிமை இருந்ததா என்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

ரொறன்ரோவோடும் தமிழ் மண்ணோடும் தொடர்புள்ள இன்னொருவர் ரவி சக்கரியாஸ். 1946-இல் சென்னையில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, 20 வயதில் ரொறன்ரோவுக்குக் குடிவந்தவர். ஒன்ராறியோ வேதாகமக் கல்லூரியில் படித்தவர். 1984-இல் இங்கேயே தம் ஊழிய அமைப்பைத் தொடங்கினார். தலைமையகம் பின்னர் அட்லாண்டாவில் அமைந்தது. விசுவாசத்துக்காக அறிவோடு வாதாடிய அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் ஏராளம். 2017-இல் ஒரு கனடியத் தம்பதியர் அவர்மீது முறைப்பாடு சொன்னபோது, பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர்கள்மீதே வழக்குப் போட்டார். வழக்கு, இரகசியம் காக்கும் உடன்பாட்டில் முடிந்தது. அமைப்பு அவர் சொன்னதையே நம்பியது. 2020 மே மாதம் அவர் இறந்தார். 2021 பெப்ரவரியில், அமைப்பே நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை, மசாஜ் சிகிச்சையாளர்களான பெண்களிடம் அவர் பல ஆண்டுகள் நடந்துகொண்ட விதத்தை வெளிக்கொணர்ந்தது. இயக்குநர் குழு அந்தத் தம்பதியரிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த நேரத்தில் குழுவில் இருந்தவர்கள் யார் என்பது பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. அமெரிக்காவில் அந்த அமைப்பு 'திருச்சபை' என்ற வகுப்பில் சேர்ந்துகொண்டதால், மற்ற தொண்டு நிறுவனங்கள் பகிரங்கமாகத் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லாமற் போயிருந்தது.

இருவரும் வெவ்வேறு மரபினர். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சுவிசேஷச் சபையினர். ஒருவர் தாழ்ந்த குரலில் பேசியவர், மற்றவர் மேடை அதிர வாதித்தவர். இரு இடத்திலும் ஒரே குறை: அவரை மறுத்துச் சொல்லும் இடத்தில் ஒருவரும் இல்லை.

மூன்றாவது மனிதருக்கு வருகிறேன். ஒன்ராறியோவில் அறிவுசார் குறைபாடுடையவர்களைப் பெரிய அரச காப்பகங்களில் அடைத்துவைப்பதே நெடுங்கால வழக்கம். ஒரில்லியாவில் 1876-இல் திறந்த காப்பகம் 2009-இல்தான் மூடப்பட்டது. அங்கு நடந்த கொடுமைகளுக்காக மாகாண முதல்வர் கத்லீன் வின் 2013 டிசம்பரில் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த உலகத்துக்கு மாற்றாக 1969-இல் ஸ்டீவ், ஆன் நியூரோத் என்ற ஆங்கிலிக்கன் தம்பதியர், கத்தோலிக்கக் கன்னியர் கொடுத்த ரிச்மண்ட் ஹில் நிலத்தில் டேபிரேக் சமூகத்தைத் தொடங்கினார்கள். வட அமெரிக்காவின் முதல் லார்ஷ் அது. 1986-இல் அங்கே மேய்ப்பராக வந்து சேர்ந்தவர் ஹென்றி நௌவன், டச்சுக்காரக் குரு. யேல் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் கற்பித்தவர். அவருடைய ஆன்மிக நூல்களைக் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒருசேர வாசித்தார்கள்.

டேபிரேக்கில் அந்தப் புகழுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அவரோடு வாழ்ந்த பலரால் வாசிக்கவே முடியாது. ஆடம் ஆர்னெட் என்ற இளைஞரைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, சவரம் செய்து, உடுத்தி, சாப்பாடு கொடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். ஆடமுக்குப் பேச்சு வராது. வலிப்பு நோய் உண்டு. இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை. நௌவன் முதலில் பயந்தார், அவசரப்பட்டார். அவர் அவசரப்படும்போது ஆடமின் உடல் இசைந்து கொடுக்காது, வலிப்பும் வரும். உலகப் புகழ்பெற்ற ஆன்ம குரு மெதுவாக நடக்கக் கற்றது, ஒரு சொல்லும் பேசாத மனிதனிடம். நாம் பிரசங்கங்களில் இந்தக் கதையை இரக்கத்தின் கதையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு: அந்த வேலையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. சமூகம் கொடுத்தது, அவர் ஏற்றார்.

1989-இல் வெளிவந்த 'இயேசுவின் நாமத்தில்' என்ற அவருடைய சிறு நூல், கிறிஸ்தவத் தலைமைத்துவம் பற்றி வாஷிங்டனில் குருக்களுக்கு ஆற்றிய உரையிலிருந்து பிறந்தது. வனாந்தரத்தில் இயேசுவுக்கு வந்த மூன்று சோதனைகளையும் தலைவர்களின் சோதனைகளாக அதில் வாசிக்கிறார்: பயனுள்ளவனாகத் தெரிய வேண்டும், வியக்கவைக்க வேண்டும், ஆள வேண்டும். நூலின் கருத்தைவிட அது உருவான விதம் எனக்கு முக்கியம். இயேசு சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார். ஆகவே உங்களைத் தனியே அனுப்பமாட்டோம் என்று டேபிரேக் சமூகம் சொல்லிவிட்டது. கூடப் போனவர் அங்கே ஆரம்பத்திலிருந்து வாழ்ந்த பில் வான் பியூரன். நௌவன் பேசத் தொடங்கியதும் பில் எழுந்து மேடைக்கு வந்து, அருகில் நின்று, வாசித்து முடிந்த ஒவ்வொரு தாளையும் வாங்கிக் கவிழ்த்து வைத்தார். நடுவே, இதை முன்னமே கேட்டிருக்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அவையின் இறுக்கம் தளர்ந்தது. அன்று புதிதாகச் சொல்வதுபோல் ஒலித்த ஒன்று பழைய சரக்கு என்று, புண்படுத்தாமல், பொய்யும் சொல்லாமல் ஒருவர் மேடையிலேயே காட்டிக்கொடுத்தார். எத்தனை பிரசங்கிகளுக்கு இப்படி ஒரு துணை இருக்கிறது?

அந்த நூலின் முடிவில் யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்துக்கு நௌவன் வருகிறார். ஆடுகளை மேய்க்கும்படி பேதுருவிடம் சொன்ன கையோடு, நீ முதிர்ந்தபின் நீ போக விரும்பாத இடத்துக்கு இன்னொருவன் உன்னைக் கொண்டுபோவான் என்ற பொருளில் இயேசு பேசுகிறார். தலைவன் முதிர்ச்சியடைவது இங்கேதான் என்பது நௌவனின் வாசிப்பு: நடத்துகிறவன் நடத்தப்படச் சம்மதிப்பது. இதை அவர் எழுதிய காலத்தில்தான் ஒரு நெருங்கிய நட்பு முறிந்து மனம் உடைந்துபோனார். டேபிரேக்கை விட்டு வினிப்பெக்கில் மாதக்கணக்கில் பராமரிப்பில் இருந்து, பிறகு அதே மனிதர்களிடம் திரும்பி வந்தார். 1996 செப்டம்பரில் இறக்கும்வரை டேபிரேக்தான் அவருடைய வீடு. அவரைக் குறையற்றவராக்க எனக்கு விருப்பமில்லை. பாராட்டுக்கு ஏங்கியவர், ஓய்வில்லாமல் பயணம் செய்தவர். அந்தப் பலவீனங்களை அவரோடு வாழ்ந்தவர்கள் அறிந்திருந்தார்கள், அவரிடமே சொன்னார்கள். வனியேயின் பலவீனத்தை அறிந்தவர்கள் அதைப் பேச முடியாமல் கட்டுண்டிருந்தார்கள்.

நம் தமிழ்ச் சபைகளில் கேள்வியை அடக்க எடுத்துக்காட்டப்படும் வசனம் ஒன்று உண்டு. அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாது என்பதற்கு 105-ஆம் சங்கீதத்தைக் காட்டுவார்கள். போதகரின் கணக்கைக் கேட்டாலும் அந்த வசனம், நடத்தையைக் கேட்டாலும் அந்த வசனம். அந்தச் சங்கீதத்தை முழுதாக வாசிக்க வேண்டும். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் என்று சொல்லப்படுவோர் அதிகாரிகள் இல்லை. எண்ணிக்கையில் சொற்பமானவர்கள், சொந்த மண் இல்லாதவர்கள், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அலைந்த பரதேசிகள். எச்சரிக்கப்படுகிறவர்கள்தான் அதிகாரிகள், அரசர்கள். யுத்தத்துக்குத் தப்பி ஓடி இங்கு வந்து சேர்ந்த நம்மைப் போன்றவர்களுக்காக எழுதியதுபோன்ற வரிகளை, அதிகாரம் உள்ளவருக்குக் கேடயமாக்கிவிட்டோம்.

அதன் பின்னணியிலுள்ள ஆதியாகமக் கதைகளுக்குப் போனால் இன்னும் திகைப்பு. 12-ஆம், 20-ஆம் அதிகாரங்களில் அரசர்கள் ஆபிரகாமின் மனைவி சாராளைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கடவுள் குறுக்கே வந்து தடுக்கிறார். பலம்படைத்தவன் கையிலிருந்து ஒரு பெண்ணைக் காத்த நிகழ்ச்சி அது. பெண்களின் முறைப்பாட்டை அமுக்க அந்த வசனத்தையே எடுப்பது எவ்வளவு பெரிய புரட்டு! மேலும், 20-ஆம் அதிகாரத்தில் கடவுள் ஆபிரகாமைத் தீர்க்கதரிசி என்று சொல்லும் அதே கதையில், அபிமெலேக்கு அவரை அழைத்து, ஏன் பொய் சொன்னாய், எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று நேருக்கு நேர் விசாரிக்கிறான். வேதாகமம் அந்த விசாரணையை மறைக்கவில்லை. சவுலைக் கொல்ல மறுத்த தாவீதை உதாரணம் காட்டுவோரும் உண்டு. குகைக்கு வெளியே நின்று, சவுலின் அநியாயத்தை அவனிடமே எடுத்துரைத்தவனும் அதே தாவீதுதான். பிறகு தாவீதே அரசனாகிப் பத்சேபாளின் விஷயத்தில் தவறியபோது, நாத்தான் அரண்மனைக்குள் நுழைந்து குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே வைத்தார். தாவீதின் பணிவு அவன் பாடிய சங்கீதங்களைவிட நாத்தான் உயிரோடு திரும்பிப் போனதில் தெரிகிறது.

அவன் பேரன் ரெகொபெயாம் மறுபக்கம். இந்த மக்களுக்கு இன்று நீ ஊழியனாக இரு என்று முதியோர் சொன்ன ஆலோசனையைத் தள்ளிவிட்டு, கூட வளர்ந்தவர்கள் சொன்னதைக் கேட்டான், இராச்சியம் இரண்டாயிற்று. மேலிருந்து வரும் ஞானத்தை யாக்கோபு தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் விவரிக்கும்போது, அதன் அடையாளங்களில் பிறர் சொல்வதற்கு இணங்கும் தன்மையையும் சேர்க்கிறார். ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட், முக்கியமான எதையும் தீர்மானிக்குமுன் மடாதிபதி அனைவரையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்றார்; சிறந்த வழியைக் கடவுள் பல நேரம் இளையவருக்கே காட்டுகிறார் என்பது அவர் சொன்ன காரணம். நம் வள்ளுவரும் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில், கடிந்து சொல்பவரைத் தன்னருகே வைத்துக்கொள்ளாத அரசன் அழியப் பகைவன் வரவேண்டியதில்லை என்ற கருத்தைச் சொல்கிறார். ஞானம் ஒருவர் தலைக்குள் மட்டும் இறங்கும் என்று இவர்களில் யாரும் நம்பவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1910-இல், எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை மறுக்கவில்லை. நீங்கள் உடைமையைத் தந்தீர்கள், உடலையும் தந்தீர்கள், எங்களுக்குத் தேவை நண்பர்கள் என்று கேட்டார். கூடியிருந்த பலருக்கு அது சுட்டது. தாழ்ந்து வந்து உதவுகிறவர் தம்மை உயரத்தில் வைத்தபடியே உதவ முடியும். நண்பருக்கு அப்படி முடியாது. நண்பன் திருப்பிப் பேசுவான். அசரியா கேட்டது அந்த உரிமையை.

ரொறன்ரோவில் பாடசாலை மண்டபங்களிலும், தொழிற்பேட்டைக் கட்டடங்களிலும், வேறு சபைகளின் ஆலயங்களை ஞாயிறு பிற்பகல் வாடகைக்கு எடுத்தும் தமிழ்ச் சபைகள் கூடுகின்றன. இவற்றில் பலவற்றை ஒருவர் தம் வீட்டு வரவேற்பறையில் தொடங்கி, கதிரை அடுக்கி, வாகனம் ஓடி ஆட்களை ஏற்றி இறக்கி, நோயாளிக்கும் குடிவரவுக் கடிதத்துக்கும் துணைநின்று வளர்த்திருக்கிறார். அந்த உழைப்பை மதிக்கிறேன். அந்த உழைப்பே ஆபத்தின் வாசலாகவும் இருக்கிறது. எல்லாம் அவர் கையால் வந்தது என்பதால், எதையும் அவரிடம் கேட்பது நன்றிகெட்டதனமாகத் தோன்றுகிறது. நிர்வாகக் குழுவில் மனைவியும் மைத்துனரும் இருந்தால் கேள்வி கேட்க ஆளே இல்லை.

இந்த இடத்தில் கனடாவின் வரிச் சட்டம் சில பிரசங்கங்களைவிட ஞானமாக இருக்கிறது. பதிவுபெற்ற அறக்கொடை அமைப்பு ஒவ்வொன்றும், தேவாலயங்கள் உட்பட, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் டி-3010 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் வரவு செலவு இருக்கும். இயக்குநர்களின் பெயர்களும், அவர்கள் ஒருவருக்கொருவர் உறவு அற்றவர்களா என்பதும் இருக்கும். பொதுத் தொண்டு அமைப்பாக வகைப்படுத்தப்பட, இயக்குநரில் பாதிக்கு மேற்பட்டோர் ஒருவரோடொருவர் குடும்பத் தொடர்போ தொழில் தொடர்போ இல்லாதவர்களாக இருக்க வேண்டும். இவற்றை இணையத்தில் எவரும் பார்க்கலாம். சபை விசுவாசி ஒருவர் போதகரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் 2021 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலாபநோக்கற்ற கூட்டுத்தாபனச் சட்டம், இயக்குநரைக் கூட்டத்தில் வாக்களித்து நீக்கும் உரிமையை உறுப்பினருக்குத் தருகிறது.

ஆனால் காகிதத்தில் உறுப்பினர் யார் என்பதையே பல சபைகள் தெளிவாக்குவதில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் ஆராதனை முடிவில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. போதகரோடு தனியே ஆலோசனைக்குப் போகும் இளம் பெண்ணுக்கு ஒரு பயம் வந்தால், அதைச் சொல்ல அவருடைய மனைவியைத் தவிர வேறு யாரும் இல்லை. லார்ஷ் தன் நிறுவனரைப் பற்றிய உண்மையைத் தானே தேடி, தானே வெளியிட்டது. அதற்காகத் தன் பெயரில் பாதியை இழக்கவும் ஒப்புக்கொண்டது. நம் சபைகள் அந்த அளவுக்குப் போகத் தேவைப்படாமல் இருக்கட்டும். இந்த ஞாயிறு அறிவிப்புப் பலகையில் போதகரின் குடும்பத்தைச் சேராத ஒருவரின் தொலைபேசி எண் இருக்கிறதா என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். முறைப்பாடு வந்தால் விசாரிப்பவர் யார், அவரை நியமிப்பது யார் என்பது அடுத்த கேள்வி.